சார்ஜென்ட் பார்க்கோவோட டீச்சர்

கட்டன் சாயா போதும் மக்ளே, பால் ஊத்தாத. சீனி கொஞ்சம்போல போடு. நான் எதுக்கு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியும். தெரியாதமாதிரி அடுக்களையில நின்னு பாத்திரத்தை உருட்டிக்கிட்டிருக்காத. வந்து இப்பிடி உக்காரு.

எங்க சாரு கண்ணை மூடுறதுக்கு முந்தி உங்கிட்ட என்னமோ சொல்லிருக்காரு. ஆஸ்பத்திரியில நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரன் பாத்திருக்கான். உன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாராம். நான் கேட்டதுக்கு நீ என்ன சொன்ன? "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாரு ஆன்ட்டி." இது என்ன நியாயம் அபிஷா? தாலி கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்லக்கூடாத வார்த்தை, ஊசி போட வந்த நர்ஸ்கிட்ட சொல்லக்கூடிய வார்த்தை, அப்பிடி ஒரு வார்த்தை உண்டுமா உலகத்துல?

உன்னைக் குத்தம் சொல்லல. நீ நல்ல பிள்ளை, அவருக்குப் படுக்கையில எல்லாம் செஞ்ச. ஆனா அந்த மனுஷன் ஏன் அப்பிடிச் சொன்னாருன்னு எனக்குத் தெரியும். ஆப்பிரிக்காவுல நடந்த ஒரு காரியம். அதை மனசுல வச்சுக்கிட்டே இருந்தாரு, சாவுற வரைக்கும். நான் முழுசாச் சொல்லுதேன். யார் பேர்ல தப்புன்னு கேட்டுட்டு நீயே சொல்லு. பெறவு அவரு சொன்னதையும் சொல்லு. அதைக் கேக்காம நான் இந்த வீட்டை விட்டு எறங்கப் போறதில்ல, ஆமா.

தெம்பாரின்னு ஒரு நாடு. மேற்கு ஆப்பிரிக்காவுல, கடலோரமா. கல்யாணம் ஆன புதுசுல பேப்பர்ல விளம்பரம் பாத்து ரெண்டுபேரும் எழுதிப் போட்டோம். அவரு ஃபிசிக்ஸ், நான் கணக்கு. நம்ம மார்த்தாண்டம் பக்கத்துலேர்ந்து அப்பம் எத்தனையோ வாத்தியார்மாரு ஆப்பிரிக்காவுக்குப் போனாவ. சாருக்கு அங்க ஸ்கூல்ல வேலை. எனக்குப் பட்டாளத்து முகாம்ல. படிப்பில்லாத சிப்பாய்மாரைப் பரீட்சைக்குத் தயார் பண்ணணும். அது பாஸானாத்தான் அவனுவளுக்குப் புரமோஷன்.

அங்கதான் பார்க்கோ வந்தான். சார்ஜென்ட் எசேக்கியல் பார்க்கோ. மலைநாட்டுக்காரன். அம்மா கரி சுட்டு வித்தவ. வயசைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்துல சேந்தவன். ஆள் அப்பிடி ஒண்ணும் உயரம் இல்ல. குத்துச்சண்டை போட்டு மூக்கு ஒருபக்கமாப் போயிருக்கும். மொதல் நாள் பெஞ்சில காலைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தான். நான் ஸ்கேலை எடுத்தேன். "கையை நீட்டு"ன்னேன். துப்பாக்கி பிடிக்கிற கை அது பாத்துக்க. நீட்டினான். ரெண்டு போட்டேன். அன்னையிலேர்ந்து என் கிளாஸ்ல காலைக் கீழ வச்சுத்தான் உக்காருவான்.

கணக்குல கெட்டிக்காரன். கழித்தல்னா அவனுக்கு உசிரு. வகுத்தல் மட்டும் பிடிக்காது, மீதி வரும்லா? "டீச்சர், இந்த மீதியை என்ன செய்ய?"ன்னு கேப்பான். "ஒண்ணும் செய்யாண்டாம், ஓரமா எழுதி வை"ன்னு சொல்லுவேன். அது அவனுக்குப் பொறுக்காது. ரப்பரை எடுத்து அழிச்சுப்போடுவான்.

அந்த நாட்டுல ஒரு காரியம் உண்டு. கடற்கரைக் குடும்பங்கள்னு சொல்லுவாவ. அவியதான் மந்திரி, ஜட்ஜ், டாக்டர் எல்லாம். மலைநாட்டுக்காரன்னா ஒண்ணு பட்டாளம், இல்லன்னா வீட்டு வேலை. பார்க்கோவை ஒருக்க ஆபீசர் கிளப்புல ஒரு மந்திரியோட மவன் எல்லாரும் பாக்கக் கன்னத்துல அடிச்சிருக்கான், டம்ளர் கைதவறி விழுந்துதுன்னு. மறுநாள் கிளாஸுக்கு வந்தப்பம் கன்னத்துல மோதிரத் தடம் இருந்துது. "யாருடே அடிச்சது?"ன்னேன். "மீதி, டீச்சர்"னு சொல்லிச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். எனக்கு என்ன தெரியும்?

பரீட்சையில அவந்தான் முதல். சர்ட்டிபிகேட்டை வாங்கிட்டு என் காலைத் தொட்டான். அது அவிய நாட்டு வழக்கம் இல்ல. நான் எப்பமோ நம்ம ஊர் வழக்கம்னு சொன்னதை ஞாபகம் வச்சிருந்திருக்கான். இப்பிடி ஒரு மாணவன் உனக்குக் கெடைப்பானா?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில சாரு சவரம் பண்ணிக்கிட்டிருக்காரு, டமால் டமால்னு சத்தம். பட்டாளத்துக்காரனுவ ஜனாதிபதி மாளிகைக்குள்ள ஏறிட்டானுவ. ஜனாதிபதிக் கிழவனைப் படுக்கையிலேர்ந்து இழுத்து, மாடியிலேர்ந்து கீழ எறிஞ்சு, ஜீப்புக்குப் பின்னால கட்டிக் கடைத்தெரு முழுக்க இழுத்தானுவ. எங்க தெரு வழியாத்தான் போச்சு. ஜன்னல்லேர்ந்து நான் பாத்தேன். காலு ரெண்டும் தெரிஞ்சுது. தலை இருக்கவேண்டிய பக்கம் புழுதியும் ரத்தமும்தான். காவல்காரப் பயலுவளை வாசல்லயே வெட்டிப்போட்டானுவ. நாயி வந்து மோந்துக்கிட்டு நின்னுது.

கொஞ்ச நேரத்துல ரேடியோவுல ஒரு குரல். "நான் சார்ஜென்ட் எசேக்கியல் பார்க்கோ. இன்னையிலேர்ந்து இந்த நாடு என் பொறுப்பு." மக்ளே, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. என் மாணவன்! ஒரு தப்பில்ல பேச்சுல, ஒரு தடுமாத்தம் இல்ல. சாரைக் கூப்பிட்டு, "கேட்டியளா, நம்ம பார்க்கோ!"ன்னேன். அவரு பாதிச் சவரத்தோட நின்னாரு. சோப்புக் காஞ்சு போயிருந்துது. "கதவை அடை"ன்னு மட்டும் சொன்னாரு. அவ்வளவுதான் அவருக்கு அதுல தோணுனது.

பார்க்கோ அன்னைக்கி ரேடியோவுல இன்னொண்ணும் சொன்னான். நியாயமாத்தான் சொன்னான். பழைய மந்திரிமாரு ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆத்தைக் கடந்து பக்கத்து நாட்டுக்குப் போயிரணும். போறவன் போகட்டும், தொடமாட்டேன். திரும்பி வாற எண்ணத்தோட போறவனை விடமாட்டேன். இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டாவ. வேற எந்தப் பட்டாளத்துக்காரன் இந்தமாதிரி வழி விட்டிருப்பான், சொல்லு.

எங்க வீட்டுக்கு அடுத்த வீட்டுல ஒரு மந்திரி இருந்தாரு. வில்மட் டேவிஸ்னு பேரு. விவசாய மந்திரி. கடற்கரைக் குடும்பம்தான், ஆனா தங்கமான மனுஷன். சாயந்திரம் ஆனா வேலியோரமா வந்து சாரோட உக்காந்து தாயம்மாதிரி ஒரு விளையாட்டு விளையாடுவாரு. அவரு பொண்டாட்டி அட்லைன் என்னை ஒரு தங்கச்சிமாதிரி வச்சிருந்தா. எனக்குக் கருச்சிதைவு ஆனப்பம் மூணுநாள் என் கூடவே கெடந்தா அவ.

சனிக்கிழமை காலையில டேவிஸ் பின்வேலியைத் தாண்டி எங்க அடுக்களை வாசல்ல வந்து நிக்காரு. வீட்டுச் செருப்பு. கையில ஒரு சின்னப் பை. முகம் வெளிறிப்போய் இருந்துது. ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சாரு. அட்லைனை முந்தியே உள்நாட்டுல அவ அம்மா வீட்டுக்கு அனுப்பியாச்சாம். இவரு ஆத்தங்கரைக்குப் போய், ஃபெர்ரியைப் பிடிச்சு அக்கரையில தங்கச்சி வீட்டுக்குப் போகணும். அங்க கோகோத் தோட்டம் இருக்காம். வெள்ளையும் சள்ளையுமாப் போனா ஆளு தெரிஞ்சிருமேன்னு சாரு தன்னோட பழைய சட்டையைக் கொடுத்தாரு, ஒரு தொப்பியும் கொடுத்தாரு. போட்டுக்கிட்டாரு. சட்டை அவருக்குச் சின்னது, பொத்தான் எட்டல. சாரு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு நின்னாரு. டேவிஸ் என்னைப் பாத்து, போயிட்டு வாறேன் டீச்சர்னு சொல்லிட்டு வேலியைத் தாண்டிப் போனாரு. அவ்வளவுதான் நடந்துது.

மத்தியானம் ஜீப்பு வந்துது. யாரோ பாத்துச் சொல்லிட்டான். கதவைத் தட்டக்கூட இல்ல, ஒடைச்சுக்கிட்டு உள்ள வந்தானுவ. ஒரு கார்ப்பொரல் பய சாரைத் துப்பாக்கிக் கட்டையால தோள்ல ஒரே போடு. எலும்பு ஒடிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுது. நீகூடப் பாத்திருப்ப, சட்டை மாத்தி விடும்போது. எடது தோள் எறங்கி இருக்கும்லா, அதுதான். நான் அந்தக் கார்ப்பொரலைப் பிடிச்சு, "ஏல, நான் பார்க்கோவோட டீச்சர்"னு சத்தம் போட்டேன். அவன் நின்னான். எங்களை ஜீப்புல ஏத்தினானுவ.

முகாம் முற்றத்துல நான் பாத்ததைச் சொன்னா நீ ராத்திரி உறங்க மாட்ட. நர்ஸ்தானே, கேட்டுக்க. ஜட்ஜு, டாக்டரு, பேங்க் ஆபீசரு, எல்லாரையும் துணியை உருவிட்டு முட்டி போட்டு நடக்க விட்டிருந்தானுவ. கண்ணாடிச் சில்லைத் தரையில கொட்டி அதுமேல. நடக்காதவனை வயர் கம்பியால அடிச்சானுவ. ஒருத்தனுக்கு முதுகுல தோலே இல்ல. இன்னொருத்தன் காதைப் பொத்திக்கிட்டு இருக்கான், கையை எடுத்தா காதே இல்ல. சாரை அங்கயே வெயில்ல உக்கார வச்சுட்டு என்னை மட்டும் உள்ள கூட்டிட்டுப் போனானுவ. எங்க? என் கிளாஸ் ரூமுக்கு! என் போர்டு, என் சாக்பீஸ் டப்பா எல்லாம் அப்பிடியே இருக்கு.

பார்க்கோ என் நாற்காலியில இருந்தான். என்னைப் பாத்ததும் எழுந்திரிச்சான். கேட்டுக்க, ஒரு நாட்டுக்கே தலைவன், பக்கத்துல மேஜரு கேப்டனு எல்லாம் நிக்கான், டீச்சரைப் பாத்ததும் எழுந்திரிச்சான். நாற்காலியைத் தொடைச்சு என்னை உக்கார வச்சான். உடுப்புல ரத்தம் தெறிச்சிருந்துது, ஆனா கை சுத்தமாக் கழுவியிருந்தான். "டீச்சர், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க"ன்னான். "மாட்டேன்"னேன். "டேவிஸ் வந்தானா?" "வந்தாரு." "சரி. வயசான ஆளு, அவன்கிட்ட எனக்குப் பகை இல்ல. போகும்போது உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனான்? அதை மட்டும் சொல்லுங்க."

நான் இங்கிலீஷ்ல சொன்னேன். "ஹி செட் ஹி வில் கோ அண்ட் கம்."

பார்க்கோ மேஜரைப் பாத்தான். "கோ அண்ட் கம்?" "ஆமா"ன்னேன். "போவான். பெறவு வருவான்?" "ஆமா, அப்பிடித்தான் சொன்னாரு." "நிச்சயமாவா டீச்சர்?" "என்ன பார்க்கோ, நான் எப்பமாவது தப்பாச் சொல்லிருக்கேனா?"ன்னேன். கிளாஸ்ல இருந்தமாதிரியே கேட்டேன். அவன் தலையை ஆட்டினான். சாக்பீஸை எடுத்து போர்டுல பெருசா எழுதினான், கோ அண்ட் கம். எழுத்துல ஒரு பிழை இல்ல. மேஜர்கிட்ட என்னமோ அவிய பாஷையில சொன்னான். அந்தாளு ஓடினான். என்னையும் சாரையும் அதே ஜீப்புல மரியாதையா வீட்டுல கொண்டு விட்டாவ. ஒரு பட்டாள டாக்டர் வந்து சாரோட தோளுக்குக் கட்டுப் போட்டாரு.

என்ன முழிக்க? என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நீ இப்பம் டூட்டிக்குக் கெளம்பும்போது உங்க அம்மைகிட்ட என்ன சொல்லிட்டுப் போற? "போறேன்"னா சொல்லுத? சொன்னா வாயில அடிக்க மாட்டாளா? வீட்டை விட்டு எறங்குறவன் எவனும் என்ன சொல்லுவானோ அதைத்தான் சொன்னேன். அந்தக் கெட்ட வார்த்தையை, ஒரு மனுஷன் உசிருக்குப் பயந்து போயிருக்கும்போது, நான் என் வாயால சொல்லணுமா?

ரேடியோவுல சொன்னது ஞாபகம் வரலியான்னா கேக்க? சாரும் இதையேதான் கேட்டாரு. எனக்கு ஞாபகம் வரல. வராது. நாக்குல வாறது அதுதான்.

ஆத்தங்கரையில ஃபெர்ரிக்குக் காத்துக்கிட்டிருந்த அத்தனை பேரையும் அன்னைக்கே பிடிச்சுட்டானுவ. டேவிஸை மட்டும் இல்ல. ஒருத்தன் திரும்பி வாறேன்னு சொல்லிருக்கான்னா எல்லாவனும் அதே எண்ணத்துலதான் போறான்னு பார்க்கோ நெனச்சுட்டான். கணக்கு தெரிஞ்சவன், ஒரு படியிலேர்ந்து அடுத்த படிக்குப் போயிட்டான். அது அவன் போட்ட கணக்கு, நான் போட்டது இல்ல.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஆராதனை இல்ல. எல்லாரும் கடற்கரைக்குப் போனாவ. டெலிபோன் கம்பத்தைப் பிடுங்கி வரிசையா மணல்ல நட்டிருந்தாவ. பனங்கள்ளு வித்தான், வறுத்த கடலை வித்தான். பார்க்கோ எனக்கு ஜீப்பு அனுப்பியிருந்தான். போகாம இருக்க முடியுமா? முன்வரிசையில நாற்காலி போட்டிருந்தாவ. சாரு வரல, தோள் வலின்னு படுத்துக்கிட்டாரு.

மந்திரிமாரைக் கொண்டு வந்து கம்பத்துல கட்டினானுவ. ஜனங்க பாட்டுப் பாடுது, கைதட்டுது. சுட வந்த பயலுவ ராத்திரியெல்லாம் குடிச்சவனுவ, குறி நிக்கல. மொதல் சூட்டுல பாதிப்பேரு சாகல. ஒருத்தருக்குத் தாடை போச்சு, நாக்கு வெளிய தொங்குது, கத்துதாரு, சத்தம் வரல. டேவிஸுக்கு வயித்துல பட்டுது. சாரோட சட்டைதான் போட்டிருந்தாரு. பொத்தான் எட்டாத எடத்துல ரத்தம் கொப்பளிச்சுது. அவரு என்னைப் பாத்தாரு மக்ளே. அத்தனை கூட்டத்துல என்னைத்தான் பாத்தாரு. வாய் அசைஞ்சுது, என்னமோ சொன்னாரு. பாட்டுச் சத்தத்துல எனக்குக் கேக்கல. பெறவு மறுபடி சுட்டானுவ, மறுபடியும் சுட்டானுவ. தலை முன்னால சாஞ்ச பெறவும் விடாமச் சுட்டானுவ. நான் மேலே தெறிச்ச மணலைத் தட்டிட்டு உக்காந்திருந்தேன். எழுந்திரிச்சா மரியாதையா இருக்காதுல்லா.

ஒரு வாரம் கழிச்சு அட்லைன் வந்தா. கறுப்பு உடுப்பு, காலுல செருப்பு இல்ல. உள்நாட்டுலேர்ந்து நடந்தே வந்திருக்கா. பிணத்தைக் கொடுக்கலியாம், எல்லாத்தையும் ஒரே குழியில தள்ளி மேல சுண்ணாம்பைக் கொட்டிட்டானுவளாம். அவ அழல. அடுக்களையில, நீ இப்பம் இருக்கியே, அந்தமாதிரி என் முன்னால உக்காந்தா. "அவரைக் கடைசியாப் பாத்தவ நீதான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவரு வாயால சொன்ன வார்த்தை என்னதோ, அதை அப்பிடியே எனக்குச் சொல்லு"ன்னா.

நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன், போயிட்டு வாறேன்னு சொன்னாரு அட்லைன்னு.

அவ கையை உருவிக்கிட்டா. "வில்மட் அப்பிடிச் சொல்லிருக்க மாட்டாரு. அக்கரைக்குப் போயிட்டா இனி இந்த மண்ணுல கால் வைக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் என்னை அனுப்பினாரு"ன்னா.

அப்பம் பாரு, உள் ரூம்லேர்ந்து எங்க சாரு எழுந்து வாறாரு, கட்டுப் போட்ட கையோட. கட்டின பொண்டாட்டி பக்கத்துல இருக்கா, அவளை ஒரு பார்வை பாக்கல. நேரா அட்லைன்கிட்ட போய் முட்டி போட்டு உக்காந்தாரு. "அம்மா, நான் பக்கத்துல நின்னேன். அவரு சொன்னது இதுதான். குட்பை டீச்சர், நான் போறேன், இனி திரும்பி வரமாட்டேன். இந்த வார்த்தைதான். இவ அதை மாத்திச் சொல்லிட்டா"ன்னாரு.

மாத்திச் சொல்லிட்டாளாம்! அந்நியப் பொம்பளை முன்னால, பொண்டாட்டியைப் பாத்து! என்னை நடுத்தெருவுல நிறுத்தி உரிச்சமாதிரி இருந்துது. நான் எதை மாத்தினேன்? அர்த்தம் ஒண்ணுதானே? போறவன் போறான். அதை நல்ல வார்த்தையாச் சொன்னா தப்பா? அட்லைன் எழுந்திரிச்சு வாசல் வரைக்கும் போனா. திரும்பி வந்து என் முகத்துல காறித் துப்பினா. துப்பிட்டு, சாரோட தலையில கையை வச்சுட்டுப் போனா. என்மேல துப்புனதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கல.

நான் பார்க்கோவோட டீச்சரா இருந்ததாலதான் சாரு முகாம்லேர்ந்து உசிரோட திரும்பினாரு, அது அந்த மனுஷனுக்குப் பெருசாப் படல. நாட்டுல என்ன நடந்துதுன்னு கேளு. பார்க்கோ ரேடியோவுல பேசினான். "என் ஆசிரியை எனக்கு ஒரு வார்த்தை கத்துத் தந்தாங்க. கோ அண்ட் கம். இந்த நாட்டுல அந்தமாதிரி ஆளு எத்தனையோ பேரு இருக்கான். போறமாதிரிப் போவான், வருவான். அவனைக் கண்டா விடாதீங்க." என் வாயில வந்த வார்த்தை மக்ளே! அதுக்குப் பெறவு நாடு முழுக்க அதே பேச்சுத்தான். துரோகின்னு சொல்லாண்டாம், கோ-அண்ட்-கம்னு சொன்னாப் போதும். கதவுல சாக்பீஸால எழுதிப்போட்டானுவன்னா அந்த வீடு விடியுறதுக்குள்ள எரிஞ்சுபோகும். சந்தையில ஒருத்தன் கைநீட்டி "கோ-அண்ட்-கம்!"னு கத்தினா, கூட்டம் பிடிச்சு, கழுத்துல டயரை மாட்டிக் கொளுத்தும். ரொட்டிக் கடைக்காரனை அப்பிடிக் கொளுத்தினதை நான் கண்ணால கண்டேன். அவன் எந்த ஊருக்கும் போகல, எந்த ஊர்லேர்ந்தும் வரல, பாவம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அதைச் சொல்லி விளையாடும், ஒருத்தன் கம்பம், மத்தவன் எல்லாம் சுடுவான்.

பார்க்கோ பெரிய ஆளாயிட்டான். காசுல அவன் தலை. பொம்பளைங்க உடுத்துற துணியில அவன் முகம், முன்னாலயும் பின்னாலயும். சார்ஜென்ட்டா இருந்தவன் ஜெனரல் ஆனான், ஜெனரலா இருந்தவன் டாக்டர் ஆனான். விலையைக் கூட்டி வித்தாவன்னு சந்தைப் பொம்பளைங்களைக் குப்புறப் படுக்கப் போட்டு அடிச்சான். பெறவு கூட இருந்த மேஜரைச் சுட்டான், அந்தக் கேப்டனைச் சுட்டான், அவனோட கூட்டாளி எல்லாவனையும் ஒவ்வொருத்தனா. ஒவ்வொருக்கயும் அதே பேருதான் சொன்னான். ஆனா எனக்கு ஒரு குறை வைக்கல. கிறிஸ்துமஸுக்கு ஃபிரிட்ஜ் அனுப்பினான். டி.வி.யில என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, "இவங்கதான் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தாங்க"ன்னான். சாரு அந்த ஃபிரிட்ஜைத் தொறக்கவே மாட்டாரு. வெயில் கொளுத்தும், வெந்நீர்மாதிரி பைப்புத் தண்ணியைக் குடிப்பாரு. வீம்பு.

கடைசியில அவனோட மெய்க்காவல்காரனுவளே அவனைப் பிடிச்சானுவ. உடுப்பைக் கழட்டி, விரலை ஒண்ணொண்ணா நறுக்கி, கணக்குச் சொல்லுடான்னு கேட்டானுவளாம். எண்ணச் சொன்னானுவளாம், எத்தனை போச்சு, எத்தனை இருக்குன்னு. நெஞ்சுல ஒரு பலகையைத் தொங்க விட்டு ஊர்வலமாக் கொண்டு வந்தானுவ. பலகையில என்ன எழுதியிருந்துதுன்னு நான் சொல்லணுமா? சாரு என்னைப் பிடிச்சு ஜன்னல்கிட்ட இழுத்துட்டுப் போனாரு. "பாரு, உன் வார்த்தையைப் பாரு"ன்னாரு. நான் பாக்கல, கண்ணை மூடிக்கிட்டேன். எனக்கு அழுகைதான் வந்துது. என் கிளாஸ்ல முதல் மாணவன் அவன்.

கெடைச்ச பிளேன்ல ஏறி ஊருக்கு வந்தோம். பையன் பொறந்தான், வீடு கட்டினோம், ரெண்டுபேரும் இங்க வேலை பாத்து ரிட்டயர் ஆனோம். ஊருக்கு அவரு நல்ல மனுஷன். எல்லாரோடயும் சிரிச்சுப் பேசுவாரு. எனக்கு மட்டும் ஒரு தண்டனை. என்ன தெரியுமா? வீட்டை விட்டு எறங்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. கடைக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி. அலமாரியைத் தொறந்து சட்டையை எடுப்பாரு, எறங்கிப் போயிருவாரு. வெளிக்கதவுச் சத்தம் கேட்டாத்தான் ஆளு போயாச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த அட்லைன் துப்பின நாள்லேர்ந்து சாவுற வரைக்கும் இதுதான். நானும் மல்லுக்கட்டிப் பாத்தேன், அழுதும் பாத்தேன். வாசல்ல குறுக்க நின்னு, "சொல்லிட்டுப் போங்க"ன்னு மறிச்சிருக்கேன். என்னை ஒதுக்கி விட்டுட்டுப் போவாரு. "சொன்னா உன் வாயில வேற ஒண்ணா மாறிரும்"னு ஒருக்க சொன்னாரு. அந்த ஒருக்கதான்.

ஆஸ்பத்திரியிலயும் அதே பிடிவாதம். அவருக்கு முடிவு வந்துட்டுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காதுல குனிஞ்சு கேட்டேன், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"ன்னு. உதட்டை இறுக்கி மூடிக்கிட்டாரு. பல்லு கட்டிப் போச்சுன்னு நான் நெனச்சேன். அப்பிடி மூடின வாயைத்தான், நான் கீழ எறங்கினதும் உனக்குத் தொறந்திருக்காரு.

இப்பம் நீ சொல்லு. முழுக்கக் கேட்டுட்டேல்லா. நான் செய்யாத தப்புக்கு இத்தனை வருஷம் தண்டனை அனுபவிச்சாச்சு. இன்னும் நீயுமா? உன் காலைப் பிடிக்கணுமா? பிடிக்கேன். நீ எனக்குப் பேத்தி வயசு, ஆனாலும் பிடிக்கேன். எழுந்திரிக்காத, இரி. அழாத பிள்ளே. அழுதா எப்பிடிச் சொல்லுவ?

ம்.

ம்... மெதுவாச் சொல்லு.

"நான் போறேன் மக்ளே"ன்னா? அப்பிடியா சொன்னாரு? சிரிச்சுக்கிட்டா?

பெறவு? "இனி வரமாட்டேன்." சரி. "அவகிட்ட சொல்லிராத..." ம், சொல்லு, பயப்படாத. "...மாத்திப்போடுவா."

அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலியா? என் பேரு, பையன் பேரு, ஒண்ணும் இல்லியா?

பாத்தியா மக்ளே. சாவுற நேரத்துலயும் அந்த மனுஷனுக்கு என்மேல அதே எண்ணம்தான். நான் எதை மாத்தினேன், நீயே சொல்லு. இல்ல, வேண்டாம், நீ ஒண்ணும் சொல்லாண்டாம். கொஞ்சம் தண்ணி தா.

இரு, இந்தப் போனை எடு, பைக்குள்ள கெடந்து அடிக்கி. பையன்தான். மெல்பர்ன்ல இருக்கான், சவ அடக்கத்துக்கு வந்து சேர முடியல. ஆத்திரமாக் கெடக்கான், அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு தெனமும் கேட்டுக்கிட்டே இருக்கான். பச்சையை அமுக்கிக் கொடு.

ஹலோ... ஆமா மக்கா, அந்த நர்ஸ் பிள்ளை வீட்டுலதான் இருக்கேன்... கேட்டுட்டேன்டா, சொல்லிட்டா... அழாத, நல்லபடியாத்தான் போயிருக்காரு அப்பா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாராம். போயிட்டு வாறேன்னு சொன்னாராம்... ஆமாடா... ஆமா, அப்பிடியே அதே வார்த்தைதான்.